கண்ணும் மூக்கும் உள்ள லைற்

பேர்ணிலிருந்து தம்பி அனுப்பியது.
தட்டுப்போல வெள்ளை லைற்,
நடுவில் ஒரு கண், ஓரத்தில் ஒரு மூக்கு.
ஆள் அசைந்தால் எரியும், புகை பட்டால் கத்தும்.
பெட்டிக்குள் இருந்த தாள் ஜேர்மன் மொழியில்.
படங்களைப் பார்த்துத்தான் பூட்டினேன்
ஒலுமடுவில், கனகேஸ்வரி அக்காவின்
குசினி வாசலுக்கு மேலே.

முதல் பிழை என்னுடையது.
பின்னேரம் மாட்டுக்கு மூட்டிய வேப்பிலைப் புகை
காற்றோடு ஏறி வந்தது.
கத்தின கத்தில் கன்று
கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்கால் தாண்டியது.
பக்கத்து வளவால் மூன்று பேர்
ஆனை வெடியோடு ஓடி வந்தார்கள்.
மிளகாய் வறுக்கக் கத்தியது, அடுப்பு ஊதக் கத்தியது.
"தேத்தண்ணி வைக்கவும் இதிட்டக் கேக்கோணுமோ தம்பி?"

மூக்கைத் தனியாகக் கழற்றலாம். கழற்றினேன்.
வீட்டில் புகை போகாத இடம் ஒன்று தேடினேன்,
அப்படி ஓர் இடம் இல்லை.
கடைசியில் நெல்லு மூட்டை அறை.
அங்கே அது நாற்பது வினாடிக்கு ஒருக்கால்
சிவப்பாய் ஒரு பொட்டுக் காட்டிவிட்டுச்
சும்மா இருக்கிறது.

பிறகு போன் வந்தது:
"விடிய விடிய எரியுது. ஆரும் இல்லை."
பல்லி.
பல்லி அசைய லைற் எரியும்,
லைற் எரியப் பூச்சி வரும்,
பூச்சிக்குப் பல்லி அசையும்.
ஆர் முதலில் கடை திறந்தது என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.
கண்ணுக்கு மேலே ஒரு தகரத்துண்டை வளைத்துவிட்டு
நூறு ரூபாய் வாங்கினேன்.

மூன்றாம் முறை அவ கூப்பிடவில்லை.
மகள் தர்மினி வந்து சொன்னாள்:
"அம்மாவுக்குப் பட்டிக்குப் போகவே அரை மணித்தியாலம் எடுக்குது.
பால் எடுக்கிறவர் பாத்திட்டுப் போயிற்றார்."
குசினி வாசலில் இருந்து பட்டி முப்பது அடி.

விடியப்புறம் நாலு மணிக்குப் போய்
வேலியோரம் நின்று பார்த்தேன்.
அக்கா படி இறங்கினா. எரிந்தது.
நின்றுவிட்டா.
ஒரு கால் முன்னே, கையில் பால் வாளி,
முகம் நிலத்தைப் பார்த்தபடி.
வாளிக்குள் மடி கழுவ எடுத்த தண்ணீர்
அதுகூட ஆடவில்லை.
மூன்று நிமிசம்.
ஆள் இல்லை என்று முடிவெடுத்துக் கண்
அணைந்தது.
இருட்டில் இரண்டு எட்டு.
எரிந்தது. நின்றா.

பரா லைற் மேலே மிதக்கிறபோது
எப்படி நிற்கவேணும் என்று
இந்தப் பக்கத்தில் ஆருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை.
எனக்கு அப்போது பதினொரு வயது.
நான் கேட்கவில்லை.
அவ சொல்லவுமில்லை.

கண்ணுக்குப் பக்கத்தில் மூன்று திருகாணிகள்:
எவ்வளவு நேரம், எவ்வளவு இருட்டு, எவ்வளவு தூரம்.
நேரத்தைப் பத்து வினாடிக்குக் குறைத்தேன்.
பத்து வினாடி நின்றா.
பத்து நிமிசத்துக்குக் கூட்டினேன்,
உடனே திரும்பக் குறைத்தேன்.
நாலாவதாய் ஒரு திருகாணியைத் தடவித் தேடினேன்,
ஏணியில் நின்றபடி, வெட்கமில்லாமல்.

அன்று மத்தியானம் கண்ணை வெட்டி விலக்கிவிட்டு
நேராக ஒரு வயர் இழுத்தேன்.
கதவுக்கு உள்ளே, அவவின் தோள் உயரத்தில்,
ஒரு சாதாரணச் சுவிச்.
போட்டா. அணைச்சா. போட்டா.
அடுத்த விடியப்புறம்
தானே கொளுத்திய வெளிச்சத்துக்குள் இறங்கிப் போனாவாம்
வாளி தளம்ப, செருப்புச் சத்தத்தோடு,
கன்றை ஏசிக்கொண்டு.

வயர் ஆறு மீற்றர், சுவிச் ஒன்று.
கூலி வேண்டாம் என்றதற்கு
ஒரு கிலோ உழுந்து.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தம்பி கேட்டாராம்,
"எப்பிடியக்கா, ஆள் வர எரியுதோ?"
"ஓம் ஓம், நான் வர எரியுது."

அந்த நேரம் பார்த்து நெல்லு அறைக்குள்
மூக்கு ஒருக்கால் கீச்சிட்டதாம்.
பற்றறி முடியுது.
நாளைக்கு மாங்குளம் போகவேணும்.